அத்தையின் பச்சைத் தேநீரும் உன் பிறபொருளெதிரியும்

அன்புள்ள மகனே,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வசனம் முடிக்கும் முன் நீ குறுக்கே புகுந்துவிடுவாய். பிறகு லைன் விட்டுவிட்டு வரும். இரண்டு பேரும் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவோம். இப்போது எனக்குக் கத்தத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன். வழக்கம்போல முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும் மட்டும் பார்த்துவிட்டு ‘விளங்கிருச்சுப்பா’ என்று பதில் போடாதே. ஆய்வுக் கட்டுரைகளை அப்படி வாசித்துக்கொள். இதை முழுக்க வாசி. களைத்துக் களைத்து, இடையில் படுத்து எழும்பி எழுதியது இது.

முதலில் செய்தியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை கிளினிக்கில் டொக்டர் என் ஊசியை நிறுத்திவிட்டார். ரிப்போட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். காலமெல்லாம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவன் நான். புள்ளி குறைவு என்று சொல்லத் தயங்குகிற முகம் எனக்குத் தெரியாதா? “சேர், இந்த ஊசியால் இனிப் பிரயோசனம் இல்லை. சிறுநீரகமும் களைத்துவிட்டது. வலி வராமல் பார்த்துக்கொள்வோம்” என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். நான் “ஹொந்தாய் டொக்டர்” என்றேன். நல்லது என்று சொல்ல அதில் என்ன இருந்தது என்பதை வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். பயமா என்று கேட்பாய். பயத்தைவிடக் களைப்புத்தான் அதிகம். பாதம் இரண்டும் மரத்துவிட்டன. நம் அம்பிட்டிய வீட்டுப் படிக்கட்டில் செருப்பு கழன்றது தெரியாமல் வெறுங்காலோடு மேலே வந்து நிற்கிறேன். வாராவாரம் விடியமுன் எழும்பி, வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, ஊசி போட்டு, வீட்டுக்கு வந்து விழுந்து கிடந்தது போதும் என்று உடம்பு எப்போதோ சொல்லிவிட்டது. நிறுத்திவிட்டேன் என்று அவர் சொன்னபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இதை வாசித்ததும் நீ விமான டிக்கெட் தேடுவாய். தேடு, வா. வராதே, படிப்பைப் பார் என்று வீரம் பேசுகிற தகப்பன் நானில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் டிக்கெட் எடுக்கமுன் நீ ஒரு வேலை செய்ய வேண்டும். அது உன் செசிலி அத்தை பற்றியது. அவளும் நீயும் கதைக்காமல் இருப்பதை இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் ‘அவன் சுகமா இருக்கானாம்’, ‘அத்தை விசாரிச்சுச்சு’ என்று இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நீ விசாரிக்கவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சொல்வேன். வாத்தியார் புத்தி போகாது. என் நோய் என்ன? எலும்புக்குள் இருக்கிற என்பு மச்சையில், கிருமியோடு சண்டைபிடிக்கும் பிறபொருளெதிரியைச் செய்கிற கலங்கள், போதும் என்று யாரும் சொல்லாததால் பெருகிக்கொண்டே போகின்றன. எந்தக் கலத்துக்குள்ளும் பழுதான புரதங்களை நறுக்கிப்போட ஓர் இயந்திரம் இருக்கிறது. புரதம் அறுக்கும் நொதியங்கள் அடுக்கிய ஒரு பீப்பாய். வெட்ட வேண்டிய புரதத்தில் முதலில் சின்ன அடையாளம் ஒன்று ஒட்டப்படும்; அடையாளம் விழுந்தது பீப்பாய்க்குள் போகும், துண்டு துண்டாக வெளியே வரும். என் ஊசி மருந்து அந்த நொதியத்தின் வாயை அடைக்கிறது. கழிவு அகலாமல் சேரச் சேர, கெட்ட கலம் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நீ ஜேர்மனியில் படிப்பதும் இதே பீப்பாயைத்தான். கண்ணுக்குத் தெரியாத இதையெல்லாம் உனக்குக் காட்டித் தருவதும் பிறபொருளெதிரிதான். நீ சொல்கிற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் படத்தில் கறுப்புக் கோடாக விழும். அப்பனைப் படுக்கையில் போட்டதும் பிறபொருளெதிரி செய்கிற கலம், மகனுக்குச் சோறு போடுவதும் பிறபொருளெதிரி. நல்ல குடும்பம் நாம்.

ஊசி தொடங்கிய வாரம் அத்தை புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு வரமாட்டாள் என்று உனக்குத் தெரியும். தான் வேலைசெய்து ஓய்வுபெற்ற தேயிலை ஃபெக்டரியின் ரோட்டோரக் கடையில், வெளிநாட்டுக்காரர் வாங்குகிற விலையுயர்ந்த பச்சைத் தேயிலைப் பக்கெட் ஒன்றை வாங்கி வந்திருந்தாள். “அண்ணே, இது குடிச்சா இந்த நோயெல்லாம் அடங்குமாம். போன்ல காட்டுனாங்க. பால் வேணாம், சீனி வேணாம், சும்மா குடிங்க” என்றாள். குடித்தேன். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கசப்புத்தான், ஆனாலும் யாரோ எனக்காக மெனக்கெடுகிறார்கள் என்ற ருசி அதில் இருந்தது. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் “வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?” என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் இல்லை என்றேன். தேயிலை மலையில் பிறந்தவனிடம் மருந்து எடுக்கிறாயா என்று கேட்டால் அவன் தேநீரைச் சொல்வானா? அது தண்ணீர் குடிக்கிற மாதிரி. கேட்ட நர்ஸ் மிஸ்ஸியின் மேசையிலும் ஒரு கோப்பைத் தேநீர்தான் ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ வீடியோவில் வந்தாய். நான் கதிரையில் சாய்ந்துகொண்டு கண்ணாடிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தேன். அத்தையும் வந்திருந்தாள்.

“அப்பா, அது என்ன கப்புல?”

“கிரீன் டீ. அத்தை கொண்டாந்து குடுத்துச்சு.”

“எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?”

“ஊசி தொடங்கினதுல இருந்தேதான்.”

உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. “போன அத்தைகிட்ட குடுங்க” என்றாய். கொடுத்தேன். “அத்தே, அந்த டீ ஊசி மருந்தப் புடிச்சுக்கிட்டு வேலை செய்ய விடாது. உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? கேட்டிருக்கலாம்ல? நீங்கதான் அப்பாவக் கொல்றீங்க” என்றாய். கடைசி வசனத்தை இரண்டு முறை சொன்னாய். அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் குசினிக்குக் கொண்டுபோய் ஊற்றினாள், கழுவினாள், கவிழ்த்தாள். அந்தக் கோப்பையைக் கழுவ எடுத்த நேரத்தில் சட்டி பானை எல்லாமே கழுவியிருக்கலாம். நீ மறுமுனையில் “அத்தே, அத்தே” என்று கூப்பிட்டது கேட்டது. நானும் போனை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

அன்றிலிருந்து அவள் தேநீர் குடிப்பதில்லை. பச்சைத் தேநீர் மட்டுமில்லை, பால் தேநீர், சாயத் தேநீர் எதுவுமே. கிளினிக் நாளில் கம்பளைப் பக்கம் மழை கொட்டினாலும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். ஆஸ்பத்திரி கன்டீனில் எனக்குப் பாணும் பருப்பும் வாங்கித் தந்துவிட்டுத் தனக்குச் சுடுதண்ணீர் கேட்பாள். கன்டீன்காரன் முதலில் சிரித்தான். இப்போது கேட்காமலே ஊற்றி வைக்கிறான். பூசைக்குப் போகிறாள், ஆனால் நற்கருணை வாங்க எழும்புவதில்லை. ஏன் என்று கேட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாளாம். தெரியாமல் செய்தது பாவமில்லை என்று அவர் சொன்னாராம். “பிறகென்ன?” என்றேன். “சாமிக்கு டீயப் பத்தி என்னண்ணே தெரியும்? தம்பிதானே அதப் படிச்சது” என்றாள். நீ படித்த படிப்புக்கு எங்கள் குடும்பத்தில் கிடைத்த மரியாதையைப் பார். சாமியார் கொடுத்த மன்னிப்பையே அது செல்லாததாக்கிவிட்டது.

பிறகு நீ எனக்கு ஒரு படம் அனுப்பினாய். அதை இன்னும் போனில் வைத்திருக்கிறேன். அடையாளம் விழுந்த புரதங்களைப் பிடிக்கிற பிறபொருளெதிரியைப் போட்டு எடுத்த படம். மருந்து மட்டும் போட்ட கலங்களில் மேலிருந்து கீழ்வரை கறுப்பாக அப்பிக்கிடந்தது. நறுக்க முடியாமல் தேங்கிய குப்பை. மருந்தோடு பச்சைத் தேயிலைச் சாறும் சேர்த்த கலங்களில் கறுப்பு மங்கிப் போயிருந்தது. இயந்திரம் வழமைபோல ஓடியிருக்கிறது. ‘பாத்தீங்களா அப்பா’ என்று கீழே எழுதியிருந்தாய். பார்த்தேன். நீ சொன்னது சரி. டொக்டரிடம் காட்டினேன், அவரும் தேநீரை உடனே நிறுத்தச் சொன்னார். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அந்தப் படத்தை அத்தையும் பார்த்தாள். கறுப்பு எது, மங்கல் எது, எது நல்லது என்று கேட்டாள். இந்த நோய்க்குக் கறுப்பு நல்லது என்றேன். அவள் அந்த மங்கலான இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது அவள் கையில் செபமாலை ஓடுகிறதே தவிர உதடு அசைவதில்லை.

உனக்கு ஒரு நத்தார் ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா இருந்த காலம். அத்தை மாட்டிறைச்சிக்குப் பப்பாளிக்காய் துருவிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டாய். “அது போட்டா இறைச்சி மெதுவாயிரும் ராசா” என்றாள். கொஞ்சம் போட்டால் மெதுவாகும் என்றால் முழுக் காயும் போட்டால் என்ன ஆகும் என்று உனக்கு ஒரு யோசனை. எல்லாரும் நடுச்சாமப் பூசைக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில் மிச்சக் காயைத் துருவி அத்தனையையும் சட்டியில் பிசைந்துவிட்டாய். விடிந்து பார்த்தால் இறைச்சி இல்லை, கூழ் இருந்தது. விருந்தாட்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா அகப்பையைத் தூக்கினாள். அத்தை குறுக்கே வந்து, “விடுங்க அண்ணி, பல்லில்லாதவங்களும் இன்னைக்கி நத்தார் கொண்டாடட்டும்” என்று சொல்லி, மிளகை அள்ளிப் போட்டு வதக்கி, பாணோடு பரிமாறினாள். மூன்றாம் வீட்டுக் கிழவர் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். மத்தியானம் நான் பாடப்புத்தகத்தை எடுத்து, பப்பாளிப் பாலில் இருப்பது புரதத்தை அறுக்கிற நொதியம் என்று உனக்கு விளக்கினேன். உன் கண் அன்று பளபளத்ததை நான் பார்த்தேன். நீ இன்று செய்கிற தொழில் அந்தச் சட்டியில் தொடங்கியது. அன்று அத்தை உன்னிடம் சொன்னது ஒன்றுதான்: “அடுத்த தடவ கொஞ்சமா போடு ராசா.” அதற்குப் பிறகு அந்த இறைச்சியைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை, கேலிக்குக்கூட.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். நீ அங்கே போன முதல் வருடம் ஒரு பிறபொருளெதிரி உன்னை ஏமாற்றியது. நீ தேடிய நொதியத்தின் கோடு அழகாக விழுந்தது. மாதக்கணக்கில் அதை நம்பி வேலைசெய்தாய். பிறகு அந்த நொதியமே இல்லாத கலங்களை எடுத்து ஓட்டிப் பார்த்தால், அதிலும் அதே இடத்தில் அதே கோடு. அன்று நீ போனில் அழுதாய். அழுதுவிட்டு, “பிறபொருளெதிரி பொய் சொல்லலப்பா. பக்கத்து வீட்டுக்காரனும் அதுக்கு ஒரே மாதிரி தெரிஞ்சிருக்கான், போய் ஒட்டிக்கிச்சு” என்று சிரித்தாய். கட்டுப்பாட்டுப் பரிசோதனை இல்லாமல் இனி ஒரு கோட்டையும் நம்பமாட்டேன் என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அப்படிப்பட்ட நீ என் விஷயத்தில் கட்டுப்பாட்டை எங்கே வைத்தாய்? தேநீர் குடிக்காமல் ஊசி மட்டும் போட்ட இன்னொரு நான் இந்தக் கண்டியில் எங்கே இருக்கிறேன்? குடுவையில் ஊற்றிய சாறு வேறு, ஒரு கிழவன் வயிற்றில் போய்ச் செமித்த ஒரு கோப்பை வேறு என்று பிறகு நீயே என்னிடம் சொன்னாய். குடிக்காமல் இருப்பதுதான் புத்தி, ஆனால் குடித்ததால் எவ்வளவு கெட்டது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது என்றாய். அதை என்னிடம் சொன்னாய், அத்தையிடம் சொல்லவில்லை. தேநீரை நிறுத்திய பிறகு என் இரத்தத்தில் நோயின் கணக்கு கொஞ்சம் இறங்கியது உண்மை. ஆனால் அதே கிளினிக்கில்தான் புது மாத்திரை ஒன்றும் சேர்த்தார்கள். இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று கேட்டால், சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகூட ‘சொல்ல முடியாது’ என்று எழுதிப் புள்ளி வாங்கும். பிறகு தேநீர் வாடையே இல்லாத வீட்டில், ஊசியும் மாத்திரையும் தவறாமல் போட்டும், நோய் திரும்ப ஏறியது. இந்த நோய் அப்படித்தான், ஒரு நாள் மருந்துக்குப் பழகிவிடும் என்கிறார் டொக்டர்.

நீ கெட்டவன் என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ தூரத்தில் இருந்தாய், பயந்துபோனாய். உன் கோபத்துக்கு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. நோயைத் திட்ட முடியாது, படுத்துக்கிடக்கிற என்னைத் திட்ட உனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் அத்தை நின்றாள், அவளில் போய் ஒட்டிக்கொண்டது. உன் அம்மா போன பிறகு சனி ஞாயிறென்று பாராமல் வந்து உனக்குச் சட்டை தோய்த்துச் சோறாக்கிப் போட்டவள், வேறெங்கே நிற்பாள்? எனக்கும் அந்த நேரத்தில் உன் மேல் கோபம் வந்தது. இப்போது இல்லை. வைத்திருக்க இடமில்லை.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். டொக்டரின் அறையிலிருந்து எழும்பும்போது கேட்டேன்: “டொக்டர், ஊசிதான் இல்லையே, இனி நான் கிரீன் டீ குடிக்கலாமா?” அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சேருக்கு ஆசையானதை எல்லாம் குடிங்க” என்றார். வெளியே வாங்கில் இருந்த அத்தையிடம் ஊசி நின்றதைச் சொன்னேன். அவள் என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். அவசரத்தில் மாற்றிப் போட்டிருந்தேன். த்ரீவீலர் பிடித்து வீடு வந்தோம். படியேறி வந்து, மூச்சு அடங்கிய பிறகு, “செசிலி, ஒரு கிரீன் டீ போடு” என்றேன்.

“வேணாம்ணே.”

“டொக்டர் குடிக்கச் சொல்லிட்டாரு. ஊசியே இல்ல, இனி டீ எதைப் புடிக்கப் போகுது?”

“டொக்டர் சொன்னாரு. தம்பி சொல்லலியே.”

அவ்வளவுதான் சொன்னாள். பக்கெட் இன்னும் இருக்கிறது; அலுமாரி மேல்தட்டில், உன் அம்மாவின் போர்வைக்குப் பின்னால். ஏன் எறியவில்லை என்று கேட்டேன். “எறிஞ்சா செஞ்சத மறைச்ச மாதிரி ஆயிரும்ணே” என்றாள். நான் எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். வாத்தியார் சொன்னால் ஊரே கேட்ட காலம் ஒன்று இருந்தது. என் தங்கைக்கு இப்போது நான் வெறும் நோயாளி. நோயாளி ஆசைக்கு ஏதேதோ கேட்பான் என்று நினைக்கிறாள்.

மகனே, எனக்கு இனி வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கசப்பை இன்னொரு முறை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், அவள் கையால். அவள் பூசையில் எழும்பிப் போய் நற்கருணை வாங்குவதைப் பார்க்க வேண்டும். இரண்டுமே உன்னிடம்தான் இருக்கின்றன. நான் போன பிறகு நீ வந்து அவள் காலில் விழுந்து அழுதாலும், தன்னால்தான் நான் போனேன் என்ற எண்ணத்தை அவள் தன்னோடு மண்ணுக்குக் கொண்டுபோவாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. நான் இருக்கும்போதே, நான் குடிப்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஞாயிறு காலை பூசை முடிந்து அவள் இங்கே வருவாள். எனக்கு எடுக்காதே, அவளுடைய போனுக்கு எடு. மன்னிப்பு அது இதென்று நீட்டி முழக்க வேண்டாம். நீ அழத் தொடங்கினால் அவளும் அழுவாள், பிறகு வந்த வேலை நடக்காது. உன் படிப்பையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளையில் குசினி வாசலில் நின்று கேட்பாயே, அந்தக் குரலில், “அத்தே, அப்பாவுக்கு ஒரு கிரீன் டீ போட்டுக் குடுங்க” என்று சொல். சொல்லிவிட்டு உடனே வைத்துவிடாதே, கேத்தல் கொதிக்கும்வரை லைனில் இரு. பிறகு, ஒரு கோப்பை போதாது, இரண்டு போடுங்கள் என்று சொல். அவளும் தேநீர் குடித்து வெகுநாளாகிறது.

அப்பா